பெஞ்சில் உட்கார வைத்தால் போதுமா?

எங்கள் பள்ளிக் கால்பந்தாட்ட அணியில் பதினெட்டுப் பேர் உண்டு. பதினொருவர் ஆடுவார்கள். மீதி ஏழு பேர் வேப்பமரத்தடியில், கால் ஆடும் பழைய வகுப்பறைப் பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். தண்ணீர்க் குடத்தைக் காவல் காப்பது, ஆடுகிறவர்களின் கைக்கடிகாரங்களையும் கம்மல்களையும் மடியில் பத்திரப்படுத்துவது, சுவரைத் தாண்டிப்போன பந்தை எடுத்து வருவது, இம்மூன்றும் அவர்களுடைய பொறுப்பு. குழுப் புகைப்படம் எடுக்கும் நாளில் மட்டும் எல்லோரும் ஒரே நிறை. இந்த மலரிலேயே சில பக்கங்கள் தள்ளி அந்தப் படம் இருக்கும். யார் ஆடினார்கள், யார் குடம் காத்தார்கள் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதை எழுதும் எங்களில் பாதிப்பேர் அந்தப் பெஞ்சில் வளர்ந்தவர்கள். மீதிப்பேர், உண்மையைச் சொல்வதானால், அந்தப் பெஞ்சில் மற்றவர்களை உட்கார வைத்தவர்கள். ஆகையால் இதில் கொஞ்சம் வழக்கும் உண்டு, கொஞ்சம் ஒப்புதல் வாக்குமூலமும் உண்டு.

பள்ளிகள் மூடிக் கிடந்த 2021ஆம் ஆண்டில் எங்களில் பலர் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இருந்தோம். அப்போதுதான் இந்தியன் சூப்பர் லீக் என்னும் பெரிய தொழில்முறைப் போட்டியில் விதிகள் மாறின. அதுவரை ஒரு கழகம் ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம். 2021-22 பருவத்திலிருந்து ஆறு பேர்தாம் எடுக்கலாம், நான்கு பேர்தாம் நிற்கலாம் என்று ஆயிற்று. கூடவே, 'வளரும் ஆட்டக்காரர்' என்ற பெயரில் இளைஞர்களை இரண்டுக்குப் பதிலாக நான்கு பேராவது ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றும், ஒவ்வோர் ஆட்டத்துக்குமான பெயர்ப்பட்டியலில் அவர்களில் இருவராவது இருக்க வேண்டும் என்றும் வகுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் மகிழத்தான் செய்கிறது. அந்தப் பருவத்தில் பதினொரு கழகங்கள் ஆடின. களத்தில் இந்தியர்களுக்குப் பதினொரு இடங்கள் புதிதாகத் திறந்தன. நாற்பத்து நான்கு இளைஞர்களுக்கு ஒப்பந்தம். இருபத்திரண்டு பேருக்கு ஆட்ட நாளில் சட்டை. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த நாட்டில் இதுவே பெரிய காரியம் என்று சொல்பவர்கள் இருக்கலாம்.

ஆனால் விதியை இன்னொரு முறை படியுங்கள். வெளிநாட்டவரைப் பற்றிய பகுதி களத்தைப் பற்றிப் பேசுகிறது. நான்கு பேருக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது என்கிறது. இளைஞர்களைப் பற்றிய பகுதியோ பட்டியலைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு பேரின் பெயர் தாளில் இருந்தால் போதும். அவர்கள் ஒரு நிமிடமாவது ஆட வேண்டும் என்று அதில் இல்லை. வேப்பமரத்தடிப் பெஞ்சை எங்களுக்கு நினைவூட்டியது இதுதான். அவர்களுடைய பெஞ்சுக்கு மேலே கூரையும் கீழே மெத்தையும் உண்டு, அவ்வளவே வேறுபாடு!

விதியினால் பயனே விளையவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பருவம் முழுவதும் கோவாவில் நடந்தது; 2021 நவம்பர் 19 அன்று தொடங்கி 2022 மார்ச் 20 அன்று முடிந்தது. இறுதி ஆட்டத்தில் ஐதராபாத் அணி கேரளா பிளாஸ்டர்ஸ் அணியைப் பெனால்டி முறையில் வென்றது. தோற்ற கேரளாவைத்தான் நாங்கள் அதிகம் பேசினோம். மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங்கும் ருய்வா ஹோர்மிபாமும் அதில் ஆடினார்கள். இருவரும் 2001இல் பிறந்தவர்கள். பயிற்சியாளர் நம்பிக் களத்தில் விட்டார், அவர்கள் நின்று காட்டினார்கள். விடுகிற மனம் உள்ள பயிற்சியாளருக்கு விதி தேவையில்லை. விதி எழுதுவதே அந்த மனம் இல்லாதவருக்காகத்தானே? அவருக்கோ இந்த விதியில் நல்ல வசதி இருக்கிறது. பெயரை எழுதிவிட்டு, தொண்ணூறு நிமிடமும் உட்கார வைத்துவிட்டு, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

அந்தப் பருவத்தின் 'உதயமாகும் ஆட்டக்காரர்' பரிசை பெங்களூரு அணியின் ரோஷன் சிங் பெற்றார். தகுதியான பரிசு, நாங்கள் குறை கூறவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. நம் நாட்டில் சூரியன் உதிக்கச் சற்று நேரமாகிறது போலும்.

விதியை எழுத்தளவில் நிறைவேற்றிப் பொருளளவில் ஏமாற்றுவது நமக்கு மட்டும் வாய்த்த கலை அன்று. சீனாவில் 2017ஆம் ஆண்டு பெரிய லீக்கில் ஒரு விதி போட்டார்கள். இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்ட ஒருவராவது தொடக்கப் பதினொருவரில் இருக்க வேண்டும் என்பது அது. நம் விதியை விடக் கடுமையானது. பட்டியலில் அல்ல, களத்திலேயே நிற்க வேண்டும். என்ன நடந்தது தெரியுமா? சில கழகங்கள் அந்தப் பையனைத் தொடக்கத்தில் இறக்கி, முதற்பாதி முடியுமுன்பே வெளியே அழைத்து, தாங்கள் முதலிலேயே ஆட வைக்க நினைத்தவரை உள்ளே அனுப்பின. வியர்க்கும் முன்பே வெளியே வந்த பையன்கள்! அடுத்த ஆண்டே விதியைத் திருத்த வேண்டியதாயிற்று. எத்தனை வெளிநாட்டவரை ஓர் ஆட்டத்தில் பயன்படுத்துகிறார்களோ அத்தனை இளைஞரையாவது பயன்படுத்த வேண்டும் என்று மாற்றினார்கள்.

மெக்சிகோ நாட்டவர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். 2005இல் அவர்கள் கொண்டு வந்த விதி தலைகளை எண்ணவில்லை, நிமிடங்களை எண்ணியது. இருபது வயது பதினொரு மாதத்துக்கு உட்பட்டவர்களை ஒரு போட்டிப் பருவத்தில் மொத்தம் 1,000 நிமிடமாவது ஆட வைக்க வேண்டும். தவறினால் மூன்று புள்ளிகள் போய்விடும். மூன்று புள்ளி என்பது ஒரு வெற்றியின் விலை. எந்தப் பயிற்சியாளருக்கும் புரியும் மொழி அது. பின்னர் அவ்விதியைக் கைவிட்டதும் உண்டு, திரும்பக் கொண்டு வந்ததும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டோரை முதன்மையாகக் கொண்ட போட்டியில், பிரேசிலை 2-1 என்று வென்று மெக்சிகோ தங்கம் பெற்றது. எல்லாப் புகழும் விதிக்கே என்று சொன்னால் எங்கள் கணக்கு டீச்சரே ஒப்பமாட்டார். எனினும் பெஞ்சில் வளர்ந்தவர்கள் அன்று பிரேசிலின் முன் நின்றிருக்க முடியாது என்பது எங்கள் துணிபு.

பெண்களுக்கான லீக்கை 2017இல் தொடங்கியபோது மெக்சிகோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டவர்களே பெரும்பாலும் ஆட வேண்டும், வயதில் மூத்தவர்களுக்குச் சில இடங்களே என்று வைத்தார்கள். நம் நாட்டுக் கணக்குக்கு நேர் தலைகீழ்! மூத்தவர்களுக்கு இளையவர்கள் இடம் விடுவது போய், இளையவர்களுக்கு மூத்தவர்கள் இடம் விட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் இளைஞர்களை மட்டுமே கொண்ட அணி ஒன்றை அமைத்து ஐ-லீக்கில் பெரியவர்களுடன் ஆட விட்டது. இந்தியன் ஏரோஸ் என்று பெயர். 2013இல் அது கலைந்தது. 2017இல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்து முடிந்ததும், அதில் ஆடிய பையன்களைக் கொண்டு மறுபடியும் அமைத்தார்கள். அந்த அணியின் முதல் ஆட்டமே தமிழ்நாட்டின் சென்னை சிட்டி அணியோடு. 2017 நவம்பர் 29 அன்று பள்ளி வயதுப் பையன்கள் நம்மவர்களை 3-0 என்று தோற்கடித்தார்கள். தமிழர் என்ற முறையில் எங்களுக்கு வருத்தம். பெஞ்சு இனத்தார் என்ற முறையில் சொல்ல முடியாத மகிழ்ச்சி. சென்னை சிட்டி மனம் தளரவில்லை. 2018-19 பருவத்தில், கோயம்புத்தூரைத் தாய்மண்ணாகக் கொண்டு ஆடி, ஐ-லீக் பட்டத்தையே வென்றது. ஏரோஸ் பையன்களோ அந்த முதல் பருவத்தில் கடைசி இடம் பெற்றார்கள். ஆனால் கடைசி இடம் பெற்ற அந்த அணியில் ஆடிய சுரேஷ் சிங் வாங்ஜாமும், மேலே சொன்ன ஜீக்சனும் சில ஆண்டுகளில் இந்திய அணிக்கே போனார்கள். தோற்றுத் தோற்றுக் கற்றார்கள். பெஞ்சில் இருந்து வெற்றியைப் பார்ப்பதை விடக் களத்தில் நின்று தோற்பது மேல். 2022இல் அந்த அணியை மீண்டும் கலைத்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்ததைப் போல், அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இளைஞர்களுக்கென்று ரிலையன்ஸ் பவுண்டேஷன் வளர்ச்சி லீக் கோவாவில் தொடங்கியது. பெங்களூரு அணி முதலில் வந்தது. இளையவர் இளையவரோடு ஆடுவதும் நல்லதே. ஆனால் பெரியவர்களோடு ஆடும்போது விழும் அடியிலிருந்து கற்பது அதில் கிடைக்காது.

"ஆண்பிள்ளைகள் ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு என்ன இத்தனை அக்கறை?" என்று விடுதியில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இனி எங்கள் கதைக்கே வருகிறோம்.

2022 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்தியப் பெண்கள் புவனேசுவரத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடினார்கள். அமெரிக்காவிடம் 0-8. மொரோக்கோவிடம் 0-3. பிரேசிலிடம் 0-5. எங்கள் வயதுப் பெண்கள். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த நாங்கள் முதல் ஆட்டத்தின் இடைவேளைக்குப் பின் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் வகுப்பில், பெண்களுக்குக் கால்பந்து எதற்கு என்று சிரித்தவர்களும் உண்டு. அவர்கள் ஓடியதையும் விழுந்ததையும் எழுந்ததையும் சிரித்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே போட்டியில் கொலம்பியா நாட்டுக்காக லிண்டா கைசெதோ என்ற பெண் ஆடினாள். அவளுக்கும் பதினேழு வயதுதான். கொலம்பியா இறுதி ஆட்டம் வரை வந்து, நவி மும்பையில் ஸ்பெயினிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. இந்தப் பெண்ணுக்கும் நம் பெண்களுக்கும் என்ன வேறுபாடு? உயரமா, உணவா? அவையும் இருக்கலாம். பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. லிண்டா தன் பதினான்காம் வயதிலேயே, 2019இல், அமெரிக்கா தெ காலி என்னும் கழகத்துக்காகப் பெரிய பெண்களின் தொழில்முறை லீக்கில் ஆடத் தொடங்கிவிட்டாள். அந்த ஆண்டு அவள் கழகமே பட்டம் வென்றது. பதினைந்தாம் வயதில் சினைப்பையில் புற்றுநோய் கண்டது. சிகிச்சை பெற்று மீண்டு வந்து மறுபடியும் ஆடினாள். 2022 ஜூலையில் தன் நாட்டின் மூத்த அணிக்காகத் தென் அமெரிக்கக் கோப்பையில் ஆடி, அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரியாகத் தேர்வு பெற்றாள். ஆகஸ்டில் இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. அக்டோபரில்தான் இந்தியாவுக்கு வந்து தன் வயதுப் பெண்களோடு ஆடினாள். மறு ஆண்டு, 2023இல், பெரியவர்களின் உலகக் கோப்பையில் செர்மனிக்கு எதிராக அவள் அடித்த கோலை இன்றும் பேசுகிறார்கள்.

நம் பெண்கள் அந்த உலகக் கோப்பைக்கு முன் என்ன செய்தார்கள்? முகாமில் இருந்தார்கள். முகாமில் நல்ல உணவு கிடைக்கும். நல்ல பயிற்சி கிடைக்கும். வெளிநாட்டுப் பயணமும் கிடைக்கும். வாரந்தோறும் புள்ளிக்காக ஆடும் ஆட்டம் மட்டும் கிடைக்காது. பரீட்சையே எழுதாமல் டியூஷன் மட்டும் படித்த பிள்ளையை நேரே பொதுத்தேர்வில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எட்டு கோல் ஆகும்.

மதுரைக்கு இதில் தனிப்பட்ட பங்கு உண்டு. எங்கள் ஊரில் பலருக்கே தெரியாத செய்தி இது: இந்தியப் பெண்கள் லீக்கில் பட்டம் வென்ற கழகம் ஒன்று மதுரையைச் சேர்ந்தது. சேது எஃப்.சி. என்பது அதன் பெயர். 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று அது இந்தியாவின் முதன்மை அணி ஆயிற்று. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார். அதற்கு முந்திய ஆண்டு, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தபோதும் அவர் இருந்தார். 2022இல் சேது அணி பட்டத்துக்கு மிக அருகே வந்தது. பன்னிரண்டு அணிகள் ஆடிய லீக்கில் சேதுவும் கோகுலம் கேரளாவும் முதல் பத்து ஆட்டங்களையும் வென்று, மே 26 அன்று புவனேசுவரத்தில் கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றன. முதல் கோல் சேதுவினுடையது. முடிவில் கோகுலம் 3-1. எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவர் பெயர் அன்று மாலையே தெருவெல்லாம் தெரிந்துவிடும். இந்தியப் பட்டம் வென்ற பெண்களின் பெயரை நம் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் லீக் நீண்ட காலம் எல்லா அணிகளையும் ஓர் ஊரில் கூட்டிச் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாக இருந்தது. 2023-24இல்தான் முதன்முறையாக ஏழு அணிகள், தம் ஊரிலும் எதிரி ஊரிலும் மாறி மாறி ஆடின. ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம். பன்னிரண்டைத் தொண்ணூறால் பெருக்கினால் 1,080 நிமிடம். அங்கேதான் எங்களுக்கு மெக்சிகோவின் நினைவு வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஓர் அணி ஒரு பருவத்தில் மொத்தமாக 1,000 நிமிடம் தர வேண்டும் என்று விதி எழுதினால், பதினொரு இடங்களில் ஓர் இடத்தைக்கூட முழுதாகக் கேட்டதாகாது. அந்த ஓர் இடத்தையும் நான்கைந்து பெண்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். இது அதிக ஆசையா?

மறுப்புகளை நாங்களும் அறிவோம். பெரியவர்களோடு மோதினால் சிறுபெண்ணுக்கு முழங்கால் போய்விடும் என்பது ஒன்று. உண்மையான பயம்தான், அதனால்தான் ஒருத்தியே தொண்ணூறு நிமிடமும் ஆட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வயதைத் திருத்திச் சான்றிதழ் கொண்டு வருவார்கள் என்பது இன்னொன்று. எந்த வயது விதி போட்டாலும் அந்த நோய் உண்டு. எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் சோதனைகளும் உண்டு. திருடன் வருவான் என்று வீடே கட்டாமல் இருக்க முடியுமா? கழகத்தார் பணம் போடுகிறார்கள், அவர்களுக்கு வெற்றி வேண்டும் என்பது மூன்றாவது. இதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. எல்லாக் கழகத்துக்கும் ஒரே விதி என்றால் எல்லோருக்கும் ஒரே நட்டம்தானே என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

நாலாவது தடை ஒன்று உண்டு. அது லீக்கில் இல்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது. ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் 'மண்ணில் வளர்ந்த ஆட்டக்காரர்' என்றொரு விதி 2006இலிருந்து வந்தது. பதினைந்து வயது முதல் இருபத்தொரு வயதுக்குள் மூன்றாண்டுகளாவது அந்தக் கழகத்திலோ அந்த நாட்டிலோ பயின்றவர் என்று அதற்குப் பொருள். 2008-09 முதல் இருபத்தைந்து பேர் பட்டியலில் எட்டு இடங்கள் இவர்களுக்கே. இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பதினைந்து வயதில் அவர்கள் கணக்கைத் தொடங்குகிறார்கள். பதினைந்து வயதில் நாங்கள் பத்தாம் வகுப்பு. ஜூன் மாதமே காலணியைப் பரணில் போட்டுவிடுவார்கள். "இந்த ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்கம்மா" என்பார்கள். அந்த ஒரு வருடம் முடிந்தால் பிளஸ் டூ ஒரு வருடம். அது முடிந்தால் கல்லூரி, இல்லையேல் மாப்பிள்ளை. எங்களோடு ஆறாம் வகுப்பில் பந்தாடத் தொடங்கியவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். இன்று எஞ்சியிருப்பவர்களைப் பள்ளி வேனின் பின்னிருக்கையில் அடக்கிவிடலாம். எந்த லீக் விதி வந்தாலும் அது தேடி வரும் வயதில் நாங்கள் களத்தில் இருக்க வேண்டுமல்லவா?

இந்த ஆண்டு எங்கள் அணியில் சிறிய சோதனை ஒன்று செய்தோம். ஊருக்கெல்லாம் விதி சொல்லுமுன் நம் பெஞ்சைப் பார்ப்போம் என்று தோன்றியது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, குறுவட்டப் போட்டி முதல் பாரதியார் தினப் போட்டி வரை யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று எழுதினோம். பெஞ்சில் இருந்த ஏழு பேரில் நால்வரின் பெயருக்கு எதிரே சுழியம் விழுந்தது. ஐந்து ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட இல்லை! நோட்டைப் பார்த்த பி.டி. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வந்த நட்பு ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கும்போது இரண்டு ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளை உள்ளே அனுப்பினார்.

அவர்களில் ஒருத்தி மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். கோடையில் வற்றிய கண்மாய்க்குள் அண்ணன்மாரோடு பந்தாடிப் பழகியவள். மைதானத்துக்குள் போகும்போதுகூடப் பழக்க தோஷத்தில், "அக்கா, தண்ணி கொண்டாரவா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதல் பத்து நிமிடம் பந்து எங்கே போகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் தவறவிட்ட பந்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. ஆட்டம் 1-2 என்று எங்கள் கையை விட்டுப் போயிற்று. திரும்பும் வேனில் யாரும் பாடவில்லை. எங்களில் ஒருத்தி சன்னலைப் பார்த்தபடி, "விதியாம் விதி" என்று முணுமுணுத்தாள். அவள் இந்தக் கட்டுரையிலும் கையெழுத்திட்டிருக்கிறாள்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவர். விடுமுறைக்கு அவளை அழைத்துப்போக வந்தவரிடம் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்தார். "நாத்தங்கால்லயே வச்சிருந்தா நாத்து முத்திப்போயிரும் தாயி. அப்புறம் பிடுங்கி நட்டாத் தூர் கட்டாது. நட்ட மொத நாலு நாள் எல்லா நாத்தும் வாடித்தான் நிக்கும்" என்றார். அவர் கால்பந்தைப் பற்றித்தான் பேசினாரா என்று எங்களுக்கு இன்னும் சந்தேகம். பத்தாம் வகுப்புக்கு மகளை ஆட விடுவீர்களா என்று கேட்டோம். அதற்கு மட்டும் அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "அவ ஆத்தாகிட்டக் கேக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று ஆட்டங்கள் நடந்தன. மூன்றிலும் இரண்டாம் பாதியில் இருவர் உள்ளே போனார்கள். ஒன்றில் வென்றோம், ஒன்றில் சமன், ஒன்றில் தோல்வி. இதை வைத்து எதையும் மெய்ப்பிக்க முடியாது. முன்பும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் வென்றும் தோற்றும் வந்தோம். நோட்டுப் புத்தகத்தில் இப்போது சுழியங்கள் இல்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

எங்களில் பெரும்பாலோர் இந்த ஆண்டோடு பள்ளியை விட்டுப் போகிறோம். நோட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையில் அணியின் பெயர்ப்பட்டியலை ஒட்டும்போது, பெயருக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கும் ஒரு கட்டம் போட வேண்டும் என்றும், பத்தாம் வகுப்பு மாணவியருக்கு வாரத்தில் இரண்டு மாலையாவது மைதானம் வேண்டும் என்றும் டீச்சரிடமும் தலைமையாசிரியை சிஸ்டரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கட்டம் போட டீச்சர் ஒத்துக்கொண்டுவிட்டார். மற்றதற்குப் பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டும் என்கிறார் சிஸ்டர்.